கடலை ஏறாத வண்டி

எங்கள் வண்டியின் பின்கதவைத் தூக்கி வைத்தால் சற்று நேரத்தில் யாராவது வந்து இட்லி இருக்கிறதா என்று கேட்கிறார்கள். ஓசூரில் இந்தக் கேள்வி வரிசைப்படி வரும். முதலில் தெலுங்கில், "இட்லி உந்தா?" நான் விழித்தால் கன்னடத்தில், "இட்லி இதியா?" அதற்கும் விழித்தால், பாவம் எந்த ஊரோ என்கிற முகத்தோடு தமிழில். மூன்றுக்கும் என் பதில் ஒன்றுதான்: இது கடையில்லை, குடும்பம். மாநில எல்லையோரம் ஜூஜுவாடியில் ஒரு லாரி ஓட்டுநர் இந்தப் பதிலைக் கேட்டுவிட்டு வண்டியின் பின்புறத்தை நிதானமாகப் பார்த்தார். இழுத்தால் வெளியே வரும் அடுப்பு, பக்கத்தில் தண்ணீர்க் கேனும் குழாயும், தட்டுக்குத் தனி அறை, கரண்டிக்குத் தனி அறை, ஓரத்தில் ஒரு கல்லாப்பெட்டி. "குடும்பத்துக்கு எதுக்குங்க கல்லா?" என்றார். நியாயமான கேள்வி. விளக்கிச் சொல்ல நேரமாகும் என்பதால் ஒரு டீ போட்டுக் கொடுத்து அனுப்பினேன். அதைப் பார்த்து இன்னும் இருவர் வந்தார்கள்.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: ஓசூர் பெங்களூரில் இல்லை, தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. கோவில்பட்டியிலிருந்து இங்கே வேலைக்கு வந்த நாளிலிருந்து இதை நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், "பெங்களூர்ல மழையா?" என்றுதான் போனில் இன்னும் கேட்கிறார்கள். கணவருக்கு ஒரு தொழிற்சாலையில் வேலை. எனக்கு இன்னொன்றில், வண்டி உதிரிபாகங்களின் தரம் பார்க்கும் பிரிவில். என் வேலை சுலபமானது. நல்ல பொருளுக்குப் பச்சை அட்டை, கெட்டதற்குச் சிவப்பு. ஏற்கவும் முடியாமல் தள்ளவும் முடியாமல் இருப்பதற்கு மஞ்சள் அட்டை கட்டி ஒரு மூலையில் வைப்போம். அதற்கு ஹோல்டு என்று பெயர். யாராவது பெரியவர்கள் வந்து முடிவு சொல்லும்வரை அது அங்கேயே கிடக்கும்.

கணவரின் குடும்பத்துக்குக் கோவில்பட்டியில் கடலைமிட்டாய்ப் பட்டறை. அவருடைய அண்ணன்தான் நடத்துகிறார். நான் அத்தான் என்று கூப்பிடுவேன், என் மகள் தர்ஷினி பெரியப்பா என்பாள். வீட்டின் பின்கட்டில்தான் பட்டறை என்பதால் அந்த வீட்டில் சுவர்கூடக் கடலை வாசம் அடிக்கும். தர்ஷினிக்கு நிலக்கடலை ஆகாது. இது எங்களுக்குத் தெரிய வெகுகாலம் பிடித்தது. விடுமுறைக்கு அங்கே போனால் உடம்பெல்லாம் தடித்துக்கொள்ளும். பட்டறைச் சூடு என்றார்கள், இளநீர் கொடுத்தார்கள். ஓசூர் வந்ததும் சரியாகிவிடும். அந்த ஊர்க் குளிர் ஒத்துக்கொள்கிறது என்றார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்தது, சரியான காரணத்தைத் தவிர.

இரண்டு வருடம் முன்பு கிருஷ்ணகிரி தாண்டி நெடுஞ்சாலையில் ஓர் ஓட்டலில் நிறுத்தினோம். தேங்காய்ச் சட்னியில் கடலை கிடையாது என்றார் பரிமாறியவர். அவர் பொய் சொல்லவில்லை. பக்கத்து வாளியில் கடலைச் சட்னி இருந்தது, இரண்டுக்கும் கரண்டி ஒன்றுதான். பாதி தோசையில் தர்ஷினியின் உதடு வீங்கியது. பிறகு கண். பிறகு அவள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கணவர் குத்திக் குத்திப் பார்த்தும் சாவி துவாரத்தில் நுழையவில்லை. பக்கத்து மேசையில் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து, கழுவாத கையோடு எங்கள் வண்டியை ஓட்டி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஊசி போட்டார்கள். மூச்சு வந்தது. அடுத்த முறை இன்னும் வேகமாக வரலாம், மருந்தைக் கையிலேயே வைத்திருங்கள் என்றார் மருத்துவர். சாப்பாட்டு மேசையில் கரண்டி விழுகிற சத்தம் கேட்டால் இப்போதும் நான் அவள் உதட்டைத்தான் பார்க்கிறேன்.

எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. ஏதாவது தவறினால் ஐந்து முறை ஏன் என்று கேட்க வேண்டும். ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுப் பார்த்தேன். மூச்சு ஏன் அடைத்தது? கரண்டி. கரண்டிக்கு அருகே ஏன் போனோம்? வழியில் சாப்பிட வேண்டியிருந்தது. ஏன் வழியில்? ஊர் தொலைவு. ஏன் தொலைவு? ஓசூரில் வேலை. ஏன் ஓசூரில்? அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை. அன்றோடு ஊருக்குப் போவதை நிறுத்தினேன். பிள்ளையைப் பிரித்து வைத்திருக்கிறாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். மனதில் இருப்பதை வெளியே காட்டாததில் தர்ஷினி அப்பாவைப் போல.

பிறகு அத்தானின் மகள் பிரியாவுக்குக் கல்யாணம் முடிவானது. தர்ஷினிக்குப் பிரியா அக்கா என்றால் உயிர். முதன்முதலில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். பத்திரிகை வந்த அன்று தர்ஷினி என் எதிரே வந்து நின்றாள். "நான் போகணும்மா. கடலை என்னைத் தேடிக்கிட்டா வரப்போகுது?" என்றாள். கோவில்பட்டியில் அது தேடிக்கொண்டுதான் வரும். ஆனாலும் ஒரு பன்னிரண்டு வயதுப் பெண்ணை அவள் அக்காவின் கல்யாணத்துக்குப் போகாதே என்று எத்தனை நாளைக்குச் சொல்ல முடியும்? அவளை அழைத்துப்போக வேண்டும், அவள் சாப்பிடும் எதையும் வேறு கை தொடக் கூடாது. அன்று சாயங்காலமே வண்டியின் கடைசி வரிசை இருக்கையைக் கழற்றி அளவெடுத்தேன்.

வேலையைச் செய்து தந்தவர் ஜூஜுவாடியில் பட்டறை வைத்திருக்கும் நாகராஜ். ஆம்புலன்சுக்கு அலமாரியும், டிபன் வண்டிகளுக்கு மேடையும் செய்பவர். வண்டியின் உடம்பில் ஒரு துளைகூடப் போடக் கூடாது, இருக்கை இருந்த போல்ட்டிலேயே எல்லாம் நிற்க வேண்டும் என்றேன். அலுமினியச் சட்டம், பிளைவுட் பலகை, அறைகளை இழுத்துத் தள்ள, பாரம் தாங்கும் டிராயர் சேனல். எல்லாம் சொன்னபடி செய்தார். ஆனால் நான் இட்லிக் கடை போடுகிறேன் என்ற முடிவை மட்டும் அவர் கடைசிவரை மாற்றிக்கொள்ளவில்லை. வேலை பார்க்கும் பெண் சைடில் கடை போடுவதை வெளியே சொல்ல மாட்டாள் என்பது அவர் கணிப்பு. மேடையை வாடிக்கையாளர் உயரத்துக்கு வைத்தார். விலைப்பலகை மாட்டக் கொக்கி வைத்தார். வண்டியை எடுக்கப் போனபோது வலது ஓரத்தில் ஒரு சிறு பெட்டி புதிதாக இருந்தது. இது நான் கேட்கவில்லையே என்றேன்.

"கல்லா இல்லாம எப்படிங்க மேடம்? காச எங்க போடுவீங்க, முந்தானையிலயா? வெச்சுக்கங்க, இது என்னோடது."

திறந்து பார்த்தேன். பூட்டில்லை, ஒரு விரலால் தட்டினால் திறந்தது. பின்கதவிலிருந்தும் எட்டும், நடு இருக்கையிலிருந்தும் எட்டும். தர்ஷினியின் ஊசிமருந்துக்கு அதைவிட நல்ல இடம் என் வரைபடத்தில் இல்லை. வெயிலில் நிற்கும் வண்டியில் மருந்தை விட்டுவைக்கக் கூடாது என்பதால் நாங்கள் இறங்கினால் அதுவும் இறங்கும், ஏறினால் அதுவும் ஏறும். மற்ற நேரங்களில் கல்லாவில் இருக்கும். கணவரின் பங்கு, பின்கதவின் உட்புறம் ஒட்டிய ஒரு ஸ்டிக்கர்: 'கடலை ஏறக் கூடாது.'

புரட்டாசியில் ஒத்திகை பார்த்தோம். முதலில் கெலமங்கலம் ரோட்டில், ஒவ்வொரு அறையிலும் ராகிப் பையை வைத்து ஓட்டினோம். ஒரு வேகத்தடையில் அடுப்பு அறை தாழ்ப்பாளை மீறி வந்து என் முழங்கையை இடித்தது, தாழ்ப்பாளை மாற்றினோம். அடுத்த ஞாயிறு உத்தனப்பள்ளிப் பக்கம், ஒரு புளியமரத்து நிழலில் நிறுத்திச் சமைத்தோம். தோசைக்கல் காய்ந்த பிறகுதான் சுற்றிலும் பார்த்தேன். நிலக்கடலைக் காடு. அறுவடை நடந்துகொண்டிருந்தது. தோட்டத்துக்கார அம்மா ஒரு கை நிறைய ஈர மண்ணோடு பச்சைக் கடலைக்காயை ஏந்திக்கொண்டு சிரித்தபடி வந்தார். பாப்பாவுக்கு என்றார். நான் இருவருக்கும் நடுவே போய் நின்றேன். நின்ற வேகம் கொஞ்சம் அதிகம்.

"அவளுக்கு ஆகாதுங்க" என்றேன்.

"கல்லக்கா யாருக்கும்மா ஆகாது? எங்க காட்டுது தின்ன மாட்டீங்கன்னு சொல்லுங்க."

சிரிப்பு போய்விட்டது. என்ன சாதி என்று நினைத்தாரோ, என்ன கம்பெனித் திமிர் என்று நினைத்தாரோ. எனக்குத் தெரிந்த தெலுங்கில் இதை விளக்க முடியாது. தமிழிலும் முடியவில்லை. கடலைக்காயை முந்தானையில் கொட்டிக்கொண்டு அவர் வரப்பில் நடந்ததைத் தர்ஷினி பார்த்துக்கொண்டே இருந்தாள். "அவங்க நல்லவங்கம்மா" என்றாள். தெரியும் என்றேன்.

ஐப்பசியில் கிளம்பினோம். கிருஷ்ணகிரியில் அந்த ஓட்டலைத் தாண்டும்போது, எதிரில் ஒன்றும் இல்லாமலேயே கணவர் ஹாரன் அடித்தார்.

கோவில்பட்டியில் லாட்ஜில் தங்கினோம். அதுவே முதல் குற்றம். முகூர்த்தத்தன்று தர்ஷினி பட்டுப்பாவாடையோடு மண்டபத்துக்குள் போனாள், பிரியாவின் பக்கத்தில் நின்றாள், எல்லாப் புகைப்படத்திலும் விழுந்தாள். சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்தாள். மண்டபத்துக்கு எதிரே வண்டியை நிறுத்தி நான் அடுப்பைப் பற்றவைத்திருந்தேன். அத்தானின் மனைவி வாசலில் நின்று எனக்குக் கேட்கும்படி யாரிடமோ சொன்னார்: "ஓசூர்லருந்து அடுப்பையே கட்டித் தூக்கிட்டு வந்துட்டா. நம்ம ஊருத் தண்ணியாவது குடிப்பாளான்னு கேளுங்க." தண்ணீரும் கேனில் கொண்டுவந்திருந்தேன்.

அத்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்து வந்தார். கோபமாக வரவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"ஏம்மா, பந்தியில எடம் இல்லைன்னா சொல்லு, நான் எடம் போடுதேன். நம்ம வீட்டு விசேசத்துல நம்ம புள்ள ரோட்டுல நின்னு சாப்பிட்டா பாக்கவன் என்ன நெனைப்பான்?"

நான் வாயைத் திறப்பதற்குள் பந்தியிலிருந்து நேரே எழுந்து வந்த ஓர் உறவினர், இங்கே தோசை சூடாகக் கிடைக்கிறதாமே என்று எச்சில் கையோடு மாவுக் கரண்டியை எடுத்துக் கிண்டினார். பந்தியில் அன்று கடலைத் துவையல். தர்ஷினி இரண்டடி பின்னால் போய் நின்றாள். "அம்மா, கரண்டி போச்சு. மாவும் போச்சு" என்றாள், பால் தீர்ந்துவிட்டது என்பதைப் போல. நான் அடுப்பை அணைத்து, மாவை அப்படியே மூடி, கையைக் கழுவி, அவளுக்குப் பெட்டியிலிருந்து ரொட்டி எடுத்துக் கொடுத்தேன்.

"ஒரு கரண்டிக்கா?" என்றார் அத்தான்.

"ஒரு கரண்டிக்குத்தான் அத்தான்" என்றேன். கிருஷ்ணகிரியில் நடந்ததைச் சொன்னேன். அதுவரை போனில் அலர்ஜி என்றுதான் சொல்லியிருந்தோம். உதட்டையும் கண்ணையும் தொண்டையையும் சொன்னதில்லை. அவர் கேட்டுவிட்டுத் தன் கைகளைப் பார்த்தார். சின்ன வயதிலிருந்து கடலை வறுத்த கைகள். இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அன்று முழுவதும் தர்ஷினியிடம் பேசும்போதெல்லாம் கையை அப்படியேதான் வைத்திருந்தார்.

மறுநாள் நாங்கள் கிளம்பும்போது அத்தான் லாட்ஜ் வாசலுக்கு வந்தார். கையில் கல்யாணத் தாம்பூலப் பை, மஞ்சள் துணிப்பை. உள்ளே மூடியைச் சுற்றி டேப் ஒட்டிய ஒரு தகர டப்பா.

"எள்ளு மிட்டாய். கடலைய உள்ளயே விடல. பட்டறைய ரெண்டு வாட்டி கழுவிட்டுத்தான் பாகு வச்சேன். சட்டி புதுசு, கரண்டி புதுசு." பையை என் பக்கம் நீட்டினார். "நீ செக்கிங்குல இருக்கவ. பாத்துச் சொல்லு."

கேட்காமல் இருந்திருக்கலாம். என் வேலை கேட்பது. "பாகைப் பரப்புன பலகை, அத்தான்?"

"அது நம்ம பலகைதாம்மா. அப்பா காலத்துது. அதுல பரப்புனாத்தானே நம்ம மிட்டாய்."

சொல்லிவிட்டு அவர் என் முகத்தைப் பார்த்தார். பலகை மரம். இரண்டு தலைமுறைக் கடலை எண்ணெய் அதில் ஊறியிருக்கிறது. எத்தனையோ லாரிச் சரக்குக்கு ஒரு நொடியில் சிவப்பு அட்டை கட்டியிருக்கிறேன். இதற்கு எந்த அட்டை கட்டுவது? தர்ஷினிதான் முன்னால் வந்து பையின் காதை மட்டும் பிடித்து வாங்கிக்கொண்டாள்.

"ஊருக்குப் போய்த் திங்கேன் பெரியப்பா" என்றாள். ஓசூரில் பிறந்து வளர்ந்தவள். அந்தப் பேச்சு அவள் வாயில் வந்து நான் கேட்டதில்லை. அத்தான் தலையாட்டினார். கை முதுகுக்குப் பின்னால் போனது.

வண்டியில் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் இருந்தது. அந்த டப்பாவுக்கு மட்டும் இல்லை. ஊர் எல்லை தாண்டும்வரை பையைச் சன்னலுக்கு வெளியே கையில் தொங்கவிட்டுக்கொண்டே வந்தேன். பைபாஸில் கணவர் ஒன்றும் கேட்காமல் ஓரங்கட்டினார், வாங்கி மேலே காரியரில் கட்டினார். மதுரை, சேலம், கிருஷ்ணகிரி என்று எங்கள் தலைக்கு மேலேயே அது ஓசூர் வந்து சேர்ந்தது.

இன்னும் காரியரில்தான் இருக்கிறது. மிட்டாய் எப்படி என்று அத்தான் போனில் கேட்டார்; நல்லாருந்துச்சு பெரியப்பா என்றாள் தர்ஷினி. போனை வைத்துவிட்டு, "அது இன்னும் மேலதான இருக்கு?" என்று என்னிடம் கேட்டாள். ஆமாம் என்றேன்.

போன ஞாயிறு கெலமங்கலம் போகும் வழியில் பின்கதவைத் தூக்கினோம். வழக்கம்போல ஒருவர் வந்தார், வழக்கம்போல மூன்று மொழி ஆயிற்று. போகிறபோக்கில் காரியரில் இருந்த மஞ்சள் பையைக் காட்டி, மேலே என்ன என்றார். மிட்டாய் என்றேன்.

"விக்கறதுங்களா?"

"இல்லைங்க."

"அப்ப, திங்கறதுக்குங்களா?"

மேற்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது. நான் ஏறி நின்று பையின்மேல் தார்ப்பாயை இழுத்து மூடி, நான்கு மூலையும் கட்டினேன். பிறகு இறங்கி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, தோசைக்கல்லை வைத்தேன்.