கிரிவலப் பாதையில் நேர்கோடு

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்று, கைக்கடிகாரத்தை ஆகாயத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தார் ஆதிமூலம். வேங்கிக்காலில் அந்தத் தெருவுக்கு இது பழகிவிட்டிருந்தது. பால்காரர் கீழிருந்தே விசாரிப்பார்.

"கெடச்சுதா ரைட்டரே?"

"பன்னெண்டு சாட்டிலைட்டு. இங்க நின்னா ஒழுங்காத்தான் இருக்குது. கிரிவல ரோட்டுல எறங்குனா ஒண்ணத்தையும் காணோம்."

ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிரே, மரத்தடியில் மேசை போட்டு மனு எழுதுகிறவர் அவர். முப்பது வருடப் பழக்கம். கடிகாரக் கம்பெனிக்கும் ஒரு மனு போயிருந்தது: 'மேற்படி கருவியானது மேற்படி பாதையில் மனுதாரரைக் கைவிட்டுவிடுவதால்...' பதில் இல்லை. துணி உலர்த்த மாடிக்கு வந்த மனைவி சரோஜா, "கலெக்டருக்கு ஒரு நகல் போட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

விஷயம் விளையாட்டில்லை. போன வருடம் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். டாக்டர் நடக்கச் சொன்னார். இவர் ஞாயிறுதோறும் பதினான்கு கிலோமீட்டர் மலை சுற்றக் கிளம்பிவிட்டார். ஓசூரிலிருக்கும் மகள் அன்புச்செல்வி பயந்துபோய் இந்தக் கடிகாரத்தை அனுப்பினாள். அப்பா நடக்கும் தடம் அவள் போனில் கோடாகத் தெரிய வேண்டும். இல்லையென்றால் தனியாகச் சுற்றுவது கிடையாது, மூட்டை கட்டிக்கொண்டு ஓசூர் வந்துவிட வேண்டியதுதான்.

தெரிந்தது என்னவோ கோடுதான். ஆனால் வளைந்து போகிற பாதைக்கு, வழியிலிருக்கும் ஒரு லிங்கக் கோயிலிலிருந்து அடுத்த லிங்கத்துக்கு ஸ்கேல் வைத்து இழுத்த நேர்கோடு. நடுவில் ஆளையே காணோம்.

"லிங்கத்துக்கு லிங்கம் ஆட்டோல போறியாப்பா?" என்று கேட்டுவிட்டாள் மகள்.

ஆதிமூலத்துக்கு அது பொறுக்கவில்லை. "ஊருக்கு எழுதறப்ப ரெண்டு வார்த்தை ஜாஸ்தி போடுவேன். நடக்கறதுல எனக்குப் பொய் கெடையாது." கடிகாரத்தை அணைத்துப் போட்டார், கண்ணாடி மேல் ஒட்டியிருந்த தாளை உரித்தார், கடைசியில் பழியை மலை மேலேயே போட்டார். "உள்ள இரும்பு ஜாஸ்தி. சிக்னல இழுத்துக்குது."

தேரடித் தெருவில் செல்போன் பழுது பார்க்கும் ரபீக், கடிகாரத்தைத் தன் கையில் கட்டிக்கொண்டு மலையை பைக்கில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கோடு அச்சுப் பிசகாமல் வளைந்து வந்தது. "இதுல ஒரு கோளாறும் இல்லண்ணா. நீங்க எப்படிக் கட்டிக்கினு நடக்கறீங்க, காட்டுங்க."

ஆதிமூலம் கடிகாரத்தை வாங்கி பிளாஸ்டிக் உறையில் போட்டார். இடுப்பிலிருந்த எவர்சில்வர் சம்புடத்தைத் திறந்து, திருநீற்றுக்கு மேல் அதைப் பதமாக வைத்தார். மூடியை அழுத்தி மூடி, மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"வாரு தோலாச்சே ரபீக்கு. செருப்பே போடாம நடக்கற பாதை. அதான்."

ஒவ்வொரு லிங்கத்திலும் நீறு பூசத் திறப்பார். அந்த அரை நிமிடம் கடிகாரம் கண் விழித்து இடத்தைச் சொல்லும். மூடினால் பேச்சு மூச்சு இல்லை.

ரபீக் தோல் வாரைக் கழற்றித் துணிப் பட்டை போட்டுக் கையில் கட்டிவிட்டார். "டப்பாக்குள்ள வெச்சா சாட்டிலைட்டுக்கு உங்களத் தெரியாதுண்ணா." ஆதிமூலம் தெருமுனை திரும்பும் வரைக்கும் சிரிப்பை அடக்கிக்கொண்டதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறார் ரபீக்.

அடுத்த ஞாயிறு, யமலிங்கம் தாண்டியதுமே மகளின் போன். "அப்பா, இப்பதான் அழகா வளைஞ்சு வருது. நானும் கூட நடக்கற மாதிரியே இருக்குது." ஆதிமூலம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

அடி அண்ணாமலை தாண்டியதும் மூச்சு வாங்கியது. வாங்கும், எப்போதும் அங்கேதான் வாங்கும். அங்கே ஒரு சின்னப் பாலத்தின் கட்டைச்சுவரில் கால் மணி நேரம் உட்கார்ந்துதான் எழுந்திருப்பார். இது சரோஜாவுக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. மகளிடம், "எங்கயும் ஒக்காரல, ஒரே நடை" என்றே சொல்லி வந்திருக்கிறார். இன்றைக்கு உட்கார்ந்தால் ஓசூரில் புள்ளி நின்றுபோகும்.

பாலத்தைக் கடந்து இன்னும் பத்தடி நடந்து பார்த்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். முழுக்கைச் சட்டை சரிந்து, சம்புடத்து மூடி மாதிரி கடிகாரத்தை மூடியிருந்தது. அதை முழங்கை வரை நிதானமாக மடித்து விட்டுக்கொண்டு, கட்டைச்சுவரில் உட்கார்ந்தார்.