பூசை மூட்டை

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். கவலைப்பட மட்டும் யாரிடமும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. தம்பி மத்தியப் படையில் சேர்ந்தபின் அது இன்னும் கூடிப்போனது. காட்டுச் சாலையில் வண்டிகளுக்கு முன்னால் நடந்து, மண்ணில் புதைத்த குண்டைத் தேடுவது அவன் வேலை.

எனக்குத் திருவொற்றியூரில் ஒரு பழைய சாமான் கிடங்கில் வேலை. துறைமுகத்தில் இறங்கும் வெளிநாட்டுப் பழைய எலக்ட்ரானிக் சாமான்களைப் பிரிப்போம். முதலில் ஸ்டிக்கரைச் சுரண்ட வேண்டும். காகிதம் ஒட்டியிருந்தால் பிளாஸ்டிக் உருக்குகிறவர்கள் வாங்கமாட்டார்கள்.

ஒரு நாள் காலை, குண்டுவெடிப்பை விசாரிக்கும் இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். கையில் ஒரு போட்டோ. கருகிப்போன கார்ட்லெஸ் போனின் பாதி மூடி.

"காட்டு ரோட்டுல குண்டை வெடிக்க வெச்சது இதுதான்மா" என்றார் மூத்தவர். "எந்தக் கம்பெனி, எந்த மாடல்னு தெரிஞ்சா வர்ற வழியைப் பிடிச்சிடலாம். நம்ம படை வண்டியில இருக்கிற கருவி அதோட சிக்னலையும் அடைச்சிடும்."

கடைசியாக வந்த சரக்கில் இதே மாதிரி மூடிகளைச் சுரண்டியிருந்தோம்; ஸ்டிக்கரில் என்ன பேர் இருந்தது என்று யாரும் பார்த்து வைக்கவில்லை.

முதலாளி முந்திக்கொண்டார். "அதெல்லாம் எப்பவோ பிரிச்சி அனுப்பியாச்சி சார்."

அது பாதி உண்மை. எங்கள் கிடங்கில் ஒவ்வொரு சரக்கிலும் முதலில் இறங்கும் மூட்டைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, மூலையில் வைத்துவிடுவோம். அடுத்த சரக்கு இறங்கும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது. தொட்டால் வியாபாரம் படுத்துவிடுமாம்.

"அண்ணே, பூசை மூட்டை அப்டியேதான கீது?" என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்து பிரிக்கும் அக்கா என் தொடையைக் கிள்ளினாள். "இன்னாடி, வேலய வுட்டு வூட்டுல குந்த ஆச வந்துச்சா?"

முதலாளி என்னை முறைத்துப் பல்லைக் கடித்தார். "அத்த தொட்டா அடுத்த கன்டெய்னர் வராது, உனுக்குத் தெரியாதா?"

வேறு நாளென்றால் அந்தப் பார்வைக்கே எனக்கு வியர்த்திருக்கும்.

"கன்டெய்னர் வராட்டி வேற வேல பாத்துக்கலாம்ணே. எந்தம்பி அந்த மாதிரி ரோட்டுலதான் தெனம் நடந்துகினு கீறான். அவன் வராட்டி நான் இன்னா பண்றது? சாமி குத்தம்னா எம்மேல வரட்டும்."

முதலாளி எழுந்துபோய் மூட்டைமேல் இருந்த கற்பூரத் தட்டை எடுத்து ஓரமாக வைத்தார்.

கயிற்றை நானே அறுத்தேன். உள்ளே சுரண்டாத போன்கள். ஸ்டிக்கரில் பேரும் நம்பரும் பளிச்சென்று இருந்தன. அதிகாரி படம் எடுக்க எடுக்க அடுத்ததை நீட்டிக்கொண்டே இருந்தேன்.

கொஞ்ச காலம் கழித்து அந்த மூத்த அதிகாரி முதலாளிக்குப் போன் செய்தார். அந்த மாடலின் சிக்னலை இப்போது வண்டிகள் அடைத்துவிடுகின்றனவாம். கவலை எனக்கு இன்னும் உண்டு. அந்தப் போனைப் பற்றிய கவலை மட்டும் போய்விட்டது.