பௌர்ணமிக்கென்று ஒரு பை

எந்த மருந்தை எடுத்துப் போவது என்பதைவிட எதை விட்டுப் போவது என்பதுதான் எனக்குப் பெரிய தலைவலி. வீடு தேடிப் போய் வைத்தியம் பார்க்கும் டாக்டர் நான். மற்ற நாட்களில் கவலையில்லை, கார் டிக்கியில் ஆக்ஸிஜன் சிலிண்டரே கிடக்கும். பௌர்ணமியன்று திருவண்ணாமலையில் கார் நகராது. கிரிவலக் கூட்டத்துக்குள் நடந்துதான் போக வேண்டும். அதற்கென்றே தோளில் மாட்டும் பை ஒன்று வைத்திருக்கிறேன்.

அதில் இடம் பிடிக்க ஒரே சட்டம்தான்: ஆம்புலன்ஸ் வருவதற்குள் உயிரைக் குடிக்கிற வியாதிக்கு மட்டுமே மருந்து. கடுமையான ஒவ்வாமைக்கு அட்ரினலின், நெஞ்சுவலிக்கு ஆஸ்பிரின், வலிப்புக்கும் மூச்சிரைப்புக்கும் வேண்டியவை. காய்ச்சல் மாத்திரையெல்லாம் தெருமுனை மெடிக்கலில் கிடைக்கும். ஊசியில் ஏற்றும் குளுக்கோஸ் ஆம்பூல்கள்தான் கனம். எடுத்து வெளியே வைப்பேன், மனசு கேட்காமல் மறுபடி உள்ளே வைப்பேன். அன்னதானம் போடப் போகிறாயா என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

போன ஐப்பசிப் பௌர்ணமி சாயங்காலம் வேங்கிக்காலிலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். அவர் கணவர் கலெக்டர் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரைக்கு நெடுநாளாக என்னிடம்தான் பார்க்கிறார். வாய் குழறுகிறது, பக்கவாதம் வந்துவிட்டது என்று அந்த அம்மா அழுதார். ஆம்புலன்சுக்குச் சொல்லியாயிற்றாம், அது கூட்டத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறதாம்.

பையை மாட்டிக்கொண்டு, இடித்தவர்களையெல்லாம் மனசுக்குள் திட்டியபடி ஓட்டமும் நடையுமாகப் போனேன். மனிதர் வியர்வையில் தொப்பலாக நனைந்து கிடந்தார். கூப்பிட்டால் பதில் இல்லை. விரலில் குத்திப் பார்த்தேன். சர்க்கரை முப்பத்தெட்டு! எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து; இது பக்கவாதமில்லை. சாப்பிட்டாரா என்று கேட்டேன். விரதம், நிலாவைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார் என்றார் அந்த அம்மா. மாத்திரை?

"அதெல்லாம் வேளாவேளைக்குப் போட்டுட்டாரு. ஒரு நாள்கூட விடக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சாமிமேலும் பயம், டாக்டர்மேலும் பயம். சாமிக்காகச் சோற்றை விடுவார்கள், எனக்காக மாத்திரையை விடமாட்டார்கள். இந்தப் பக்தியை எங்கே போய்ச் சொல்லி அழ?

நரம்பு பிடித்து குளுக்கோஸை மெல்ல ஏற்றினேன். கடைசி ஆம்பூல் முடியும் முன்பே கண் திறந்தார். எப்ப வந்தீங்க டாக்டரம்மா என்று கேட்டார், ஏதோ காபி குடிக்க வந்தவளிடம் கேட்பதுபோல. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்பாடா என்று வாய்விட்டே சொன்னேன்.

ஆனால் மாத்திரை இன்னும் உடம்பில் இருக்கிறது; சர்க்கரையை மறுபடி இழுத்துக் கீழே தள்ளும். உடனே சாப்பிட வேண்டும், ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி இருக்க வேண்டும் என்றேன். ஆஸ்பத்திரிக்குச் சம்மதித்தார், சாப்பாட்டுக்கு மாட்டேன் என்றார். வெளியே வானம் முழுக்க மேகம். நிலா வருகிற வழியைக் காணோம். குளுக்கோஸ் ஏறிய பிறகு என்ன விரதம் என்று அதட்டினேன். அது வாய் வழியாகப் போகவில்லையே என்று ஆபீஸ் விதி பேசினார். கெஞ்சியும் பார்த்தேன், அசையவில்லை.

அதுவரை மூலையில் நின்று அழுதுகொண்டிருந்த அந்த அம்மா இட்லித் தட்டோடு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு விள்ளலைப் பிட்டு அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"நீங்க கண்ணத் தொறந்தீங்களே, எனக்கு அதான் நிலா. இப்ப வாயத் தொறங்க."

மறுபேச்சில்லாமல் திறந்தார்.