கூனியும் முருங்கையிலையும்: குருக்கள்மடத்தில் இரண்டு நாட்கள்

வியாழன் விடிகாலையில் கொழும்பு இரவு ரயில் மட்டக்களப்பில் நின்றது. கல்முனை பஸ் ஏறி, காத்தான்குடியின் பேரீச்ச மரங்களைத் தாண்டி, பதினேழு கிலோமீற்றர் அளவில் குருக்கள்மடத்தில் இறங்கினேன். என் தங்கை ஜெயந்தி அங்கே ஆறு மாதக் கர்ப்பிணி. போன கிளினிக்கில் இரத்தம் குறைவு என்றிருந்தார்கள். இம்முறையும் ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் தங்க வேண்டும். அவள் கணவன் சுதனுக்கு மேசன் வேலை வாரத்தில் பாதி நாள்தான். வயிற்றைக் கட்டி மிச்சம் பிடிக்கிறாளோ என்ற பயத்தில்தான் புறப்பட்டேன்.

எட்டு மணிக்குச் சந்தை. நான் அறுக்குளா மீன் பக்கம் போனேன். கிலோ மூவாயிரம் ரூபாய்.

“அது வேணாம் அக்கா, இஞ்ச வாங்க,” என்று ஜெயந்தி கையைப் பிடித்தாள்.

வாவியில் பிடித்த கூனியைக் குவித்துவைத்து ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நகத்தளவுகூட இல்லாத பொடி இறால், கூறு இருநூறு.

“இது ரெண்டு பேருக்குக் காணும், புள்ள,” என்றவள் தங்கையின் வயிற்றைப் பார்த்துவிட்டு, கேட்காமலே இன்னொரு பிடி அள்ளிப் போட்டாள்.

பொன்னாங்காணிக் கட்டு அறுபது. முருங்கையிலை பக்கத்து வளவில் சும்மா கிடைத்தது.

மதியம் சிவப்பரிசிச் சோறு, பருப்பு, கூனி போட்ட முருங்கையிலைச் சுண்டல். மேலே ஜெயந்தி தேசிக்காய் பிழிந்தாள். சாப்பிட்ட கையோடு நான் தேத்தண்ணி ஊற்றப் போக, தடுத்தாள்.

“கொஞ்சம் போகட்டும். உடன குடிச்சா இரத்தம் ஏறாதாம். மிட்வைஃப் மிஸ் சொன்னவ.”

“காசுக்காகவா இதையே சாப்பிடுறாய்?” கேட்டேவிட்டேன்.

“காசும் மிச்சம்தான். வாய்க்கும் பிடிச்சிரிக்கு,” என்று மறுபடியும் சுண்டலை அள்ளிப் போட்டுக்கொண்டாள். நானும் போட்டுக்கொண்டேன். கொழும்பில் எந்தக் கடையிலும் அப்படியொரு சோறு நான் சாப்பிட்டதில்லை.

வெள்ளி காலை கிளினிக். சுதன் வேலைக்குப் போகாமல் வாசலில் நின்றான். ஜெயந்தியோடு மிட்வைஃப்பும் வெளியே வந்தார்.

“ஒன்பதரையில இருந்த இரத்த அளவு பதினொண்டைத் தாண்டிட்டு. நாங்க குடுத்த இரும்புச்சத்துக் குளிசையும் சாப்பாடும் சேர்ந்து வேலை செய்திரிக்கு. ஆஸ்பத்திரி தேவையில்ல.”

சுதன் மதிற்பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

மாலை பஸ் கல்லடிப் பாலத்தில் ஏறியபோது வாவியில் தோணிகள் நின்றன. வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி முற்றத்திலும் ஒரு முருங்கை உண்டு. கூரையின் மழைநீர்ப் பீலியில் இலை அடைக்கிறதென்று அதை வெட்டச் சொல்லியிருந்தேன். பஸ்ஸில் இருந்தபடியே காவலாளியை அழைத்து, வெட்ட வேண்டாம் என்றேன்.