கஷாயமாகிப்போன சூப்

நிமோனியா வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய என் கணவருக்கு நாக்கு செத்துப்போயிருந்தது. எதைக் கொடுத்தாலும் "மண்ணு மாதிரி இருக்கு" என்று இரண்டு வாயோடு தட்டைத் தள்ளிவிடுவார். பேன்ட் இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்துவிட்டார். ருசி மெதுவாகத்தான் திரும்பும், அதுவரை எப்படியாவது சாப்பிட வையுங்கள் என்றார் டாக்டர். எப்படியாவது என்றால் எப்படி? எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பயமும்தான்.

ஆபீஸில் எனக்குப் பக்கத்து மேஜை ஒரு சீனத் தோழிக்கு. விஷயத்தைக் கேட்டதும் மறுநாளே ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள். உள்ளே சுருங்கிய சிவப்புப் பேரீச்சை, உலர்திராட்சை அளவில் குட்டிச் சிவப்புப் பழங்கள், சீவிப்போட்ட வேர்த்துண்டுகள். அவர்கள் வீட்டில் யார் படுத்து எழுந்தாலும் இதைத்தான் கொதிக்கவைத்துக் கொடுப்பார்களாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் போடும் மாத்திரைகளோடு ஒத்துப்போகுமா என்று ஃபார்மஸியில் மட்டும் கேட்டுக்கொண்டு, லின்ஃபீல்ட் என்ற புறநகரிலிருக்கும் எங்கள் வீட்டுக்குப் பறந்தேன்.

மூலிகை என்றால் நம் கைக்குத் தெரிந்தது கஷாயம் ஒன்றுதானே. சட்டி நிறையத் தண்ணீர் ஊற்றி, கால் டம்ளராகச் சுண்டும்வரை காய்ச்சினேன். சக்கையைப் பிழிந்து குப்பையில் போட்டேன்.

"மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒரே மடக்குல குடிச்சிடுங்க."

குடித்த வேகத்திலேயே பாத்ரூமுக்கு ஓடினார்.

மறுநாள் இதைச் சொன்னதும் தோழி மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது.

"அது மருந்து இல்லை, சாப்பாடு" என்றாள் இங்கிலீஷில். "சூப். வேரை மட்டும் எடுத்துப்போடு. நீ குப்பையில் போட்ட பழத்தைத்தான் அவர் சாப்பிட வேண்டும்."

அவர்கள் கோழி சேர்ப்பார்கள். நாங்கள் சைவம் என்றதும் தாமரைக்கிழங்கு, வேர்க்கடலை, காளான் போதும் என்றாள். மிளகாய் கூடாது, தாளிக்கவே கூடாது என்று என் முகத்தைப் பார்த்துக் கறாராகச் சொன்னாள். என்னை நன்றாகத்தான் அளந்து வைத்திருக்கிறாள்.

சனிக்கிழமை காலையிலிருந்து அடுப்படியை விட்டு நகரவில்லை. கறிவேப்பிலைக்குக் கை பரபரத்தது, அடக்கிக்கொண்டேன். மதியம் கிண்ணத்தை அவர் முன்னால் வைத்துவிட்டு எதிரிலேயே நின்றேன். ஒரு ஸ்பூன். இன்னொரு ஸ்பூன். முகம் சுளித்தது. போச்சுடா என்று நினைத்தேன்.

"என்ன இது, உப்பே போடலையா?"

உண்மைதான். தாளிக்காமல் இருப்பதிலேயே குறியாக இருந்து, உப்பை மறந்திருந்தேன்.

"உப்பு இல்லேன்னு தெரியுதா உங்களுக்கு?"

"தெரியாம என்ன? கொண்டா இங்க."

உப்பு டப்பாவை அவசர அவசரமாகத் திறந்ததில், பாதி உப்பு தரையில் கொட்டியது.