மாமன் எடுத்த சிவப்புச் சேலை

பிள்ளைகளே, உங்கள் அம்மாவை நான் கட்டிக்கொண்டது ஒரு புள்ளிப் புத்தகத்தின் தயவில்தான்.

அவள் என் தாய்மாமன் மகள். எனக்கென்று பேசி வைத்த பெண். ஆனால் என் தங்கையின் மஞ்சள் நீராட்டுக்கு மாமன் கொண்டுவந்த சீர்ச் சேலையால் எல்லாம் கெட்டது. சிவப்புச் சேலை என்று தட்டில் வைத்தார். தட்டில் இருந்தது பாசிப் பச்சையாம்.

"விலை போவாதத மலிவா எடுத்துகினு வந்துட்டு, செவப்புன்னு சாதிக்கிறியா?" என்றாள் என் அம்மா.

"செவப்புதான்க்கா!"

எனக்கும் சிவப்பாகத்தான் தெரிந்தது. சொன்னேன். "உனக்குப் பொண்ணு மேல ஆச. பச்சகூட செவப்பாத்தான் தெரியும்" என்று அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இரு வீட்டுக்கும் பேச்சு நின்றது. கல்யாணமும் நின்றது.

பிறகு நெய்வேலிச் சுரங்கத்தில் வண்டி ஓட்டும் வேலைக்கு மெடிக்கல் போனேன். டாக்டர் ஒரு புத்தகத்தை விரித்தார். பக்கமெல்லாம் கலர் புள்ளிகள்.

"உள்ள என்ன நம்பர் தெரியுது?"

"நம்பரக் காணுமே, அம்மத் தழும்பு விழுந்த மூஞ்சி மாதிரி தெரியுதுங்க."

வண்டி வேலை போச்சு. எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாதாம். உடம்புக்குள் நூல் துணுக்குகள் மாதிரி குரோமோசோம் என்று இருக்கிறதாம். கோளாறு அதில் வருகிறதாம்.

"மனுசனுக்கு அது நாப்பத்தெட்டுன்னு சொல்லிக்கிட்டிருந்தாங்க. இப்பதான் நாப்பத்தாறுன்னு சரியா எண்ணியிருக்காங்க" என்றார் டாக்டர். அவ்வளவு படித்தவர்கள் இரண்டைக் கூட்டி எண்ணலாம், நான் மட்டும் புள்ளியில் தப்பக் கூடாது!

"பையனுக்கு இது அம்மா வழியா வரும். அவங்க கண்ணு நல்லாத்தான் இருக்கும். அவங்க கூடப்பொறந்தவங்க யாருக்காவது இருக்கா?"

நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். வேலை போனதற்கு இப்படிப் பல்லைக் காட்டியவனை அவர் பார்த்திருக்க மாட்டார்.

வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் சொன்னேன்.

"என் வவுத்துலேந்து வந்த கோளாறாடா?" என்று கரண்டியைத் தூக்கினாள்.

"மாமன் பொய் சொல்லலம்மா. என் கண்ணுதான் அவருக்கும்."

கரண்டி இறங்கியது. மறுநாள் ஒரு முறத்தில் தக்காளிக் காயும் பழமுமாகக் கலந்து எடுத்துக்கொண்டு மாமன் வீட்டுக்குப் போனாள். கூடவே நானும்.

"பழத்த மட்டும் எடுடா பாப்பம்."

மாமன் அமுக்கிப் பார்க்கக் கை நீட்டினார்.

"தொடாம! கண்ணால பாத்துச் சொல்லு."

மாமன் முழித்தார். பிறகு பெரிதாக இருந்த ஒன்றைக் காட்டினார். காய்.

அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "அன்னிக்கே இதச் சொல்லித் தொலைக்கறதுக்கு என்னடா?"

"தெரிஞ்சாத்தானேக்கா சொல்ல!"

தையில் கல்யாணம். கூறைப் புடவை எடுக்கும்போது என்னையும் மாமனையும் கடைக்குள்ளேயே விடவில்லை. சிவப்பு என்றார்கள். நம்பித் தாலி கட்டினேன்.