குடுவைக்குள் நுரை

எங்கள் அக்கா ஆய்வகத்தில் மூலக்கூறுகளைக் கட்டுகிறவள். நடுவில் ஒரு வளையம், அதைச் சுற்றி நேர்மின்சுமை கொண்ட மூன்று கைகள். ஏரித் தண்ணீரில் கலக்கும் உரப் பாஸ்பேட்டை அது பிடிக்க வேண்டும். எதிர்மின்சுமை உள்ளதுதான் அந்தக் கைகளுக்குப் பிடிக்கும்.

கைகளை மாற்றி மாற்றிப் பொருத்தியும், அது பாஸ்பேட்டை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வேறு எதையோ கட்டிக்கொண்டு நின்றது. கருவியில் வைத்துப் பார்த்த அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். பாத்திரம் கழுவும் சோப்பு! அதிலும் எதிர்மின்சுமை உண்டே.

குடுவைக்குச் சோப்பே கூடாது என்று சட்டம் போட்டவர் அவளுடைய பேராசிரியர். மறுநாள் காலை அக்கா சீக்கிரமே போய் எட்டிப் பார்த்தாள். பேராசிரியர் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, பாடியபடி, அவளுடைய குடுவைகளை நுரை பொங்கத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சார், என் மூலக்கூறுக்கு உங்க சோப்பு மேல ஒரு கண்ணு" என்றாள்.

அவர் அசடு வழிந்தார். "வீட்டுல பாத்திரத்தைத் தொட விடமாட்டேங்கிறாங்கம்மா. உடைச்சிடுவேனாம்."

அக்காவுக்குப் பாவமாகிவிட்டது. காபிக் கோப்பைகளைக் கழுவும் வேலையை மட்டும் அவர் பெயருக்கு எழுதி வைத்தாள். அடுத்த வாரமே மூலக்கூறு பாஸ்பேட்டைக் கெட்டியாகப் பிடித்தது. காபிதான் லேசாக நுரைக்கிறது. எல்லோரும் நுரையை ஊதிவிட்டுக் குடிக்கிறார்கள்.